ஒன்றுமில்லை என்று சொல்லாதிருங்கள்



 சபையில் பலர் அனுபவித்தும் சிலரே வெளியே சொல்லுகிற ஒரு வேதனையைக் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். மருத்துவர்கள் அதைப் 'பேனிக் அட்டாக்' என்கிறார்கள். பீதித் தாக்குதல் என்று தமிழில் சொல்லலாம். நம் வீடுகளிலோ அது 'படபடப்பு' என்றும், 'நெஞ்சை அடைக்கிறது' என்றும், 'மூச்சு முட்டுகிறது' என்றும் பல பெயர்களில் வழங்குகிறது.

தாம்பரத்தில் காலை மின்சார ரயிலில் ஏறுகிற ஓர் இளம்பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லாவரம் வரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள். திரிசூலம் நெருங்கும்போது, காரணம் எதுவும் இல்லாமல், இருதயம் வேகமாக அடிக்கத் தொடங்குகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. தொண்டையை யாரோ இறுக்குவதுபோல் இருக்கிறது. விரல்கள் மரத்துப்போகின்றன. சுற்றிலும் நிற்கிறவர்கள் கனவில் காண்பவர்கள்போல் விலகித் தெரிகிறார்கள். இந்தப் பெட்டியிலேயே செத்துவிடுவேன் என்று அவளுக்குத் தோன்றுகிறது. கிண்டியில் இறங்கி நடைமேடை இருக்கையில் உட்காருகிறாள். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

அதோடு முடிந்திருந்தால் நலம். மறுநாள் நிலையத்தின் படிக்கட்டை நெருங்கும்போதே பயம் வருகிறது. சில வாரங்களில் ரயிலை விடுகிறாள். பிறகு பேருந்தை விடுகிறாள். ஆராதனையில் நடுவரிசையில் உட்கார்ந்தால் எழுந்து வெளியே போக முடியாதே என்று கடைசி வரிசைக்குப் போகிறாள். பிறகு வாசலருகில் நிற்கிறாள். பிறகு வருவதில்லை. அவள் பின்வாங்கிப் போனாள் என்று சபையில் பேசிக்கொள்ளுகிறோம். அவளோ தேவனை விட்டு ஒரு அடியும் விலகவில்லை. கூட்டத்தை விட்டுத்தான் விலகியிருக்கிறாள்.

மூன்று இடங்களில் ஒரே பதில்

இப்படிப்பட்டவர் முதலில் ஓடுவது மருத்துவமனைக்கு. இ.சி.ஜி. எடுக்கிறார்கள். இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். "ஒன்றுமில்லை, எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்து வீட்டில் சொல்லுகிறார். "ஒன்றுமில்லை, எல்லாம் உன் கற்பனை, மனதைத் தைரியமாக வைத்துக்கொள்" என்கிறார்கள். கடைசியாகச் சபைக்கு வருகிறார். "ஒன்றுமில்லை, விசுவாசம் குறைந்திருக்கிறது, இன்னும் ஜெபியுங்கள்" என்கிறோம்.

மூன்று இடத்திலும் அன்புள்ளவர்கள்தான் பேசினார்கள், ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆனால் கேட்டவர் மூன்று முறை தனித்து விடப்பட்டார். மாரடைப்பு இல்லை என்பது நல்ல செய்தியே. அதற்காக ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. அவர் பட்டது ஒரு நோயின் வேதனை. அதற்குப் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு. நான் இந்த வாரம் சொல்ல வருவது இதுதான்: பீதி நோயை விசுவாசக் குறைவு என்று அழைப்பதை நம் சபைகள் விட்டுவிட வேண்டும், அதை உடல் நோயைப் போலவே மருத்துவரிடமும் தேவனிடமும் ஒருமிக்கக் கொண்டுபோக வேண்டும்.

இது அபூர்வமான துன்பம் என்று எண்ணாதிருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ஆம் ஆண்டில் பதற்ற நோய்களோடு வாழ்ந்தவர்கள் 30 கோடிக்கும் அதிகம். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே சிகிச்சை கிடைக்கிறது. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டில் சுமார் நான்கரைக் கோடிப் பேர் இவ்வகை நோய்களால் துன்பப்பட்டார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அது மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் சற்று அதிகம். அந்த விகிதத்தில் பார்த்தால், முந்நூறு பேர் கூடுகிற ஆராதனையில் ஏறக்குறைய பத்துப் பேர் உங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. பெரும்பாலும் வாலிப வயதிலேயே தொடங்குகிறது.

உடலில் நடப்பது என்ன?

ஆபத்திலிருந்து நம்மைக் காப்பதற்காகத் தேவன் நம் சரீரத்தில் ஓர் அபாயச் சங்கை வைத்திருக்கிறார். சாலையைக் கடக்கும்போது லாரி ஒன்று திடீரென்று பாய்ந்து வந்தால், யோசிப்பதற்கு முன்பே நீங்கள் துள்ளி விலகுகிறீர்கள். மூளை அபாயம் என்று அறிவித்த உடனே அட்ரினலின் சுரக்கிறது, இருதயம் வேகமெடுக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. இது நமக்குக் கிடைத்த நன்மை. பீதித் தாக்குதலில் இதே சங்கு, லாரி எதுவும் வராதபோது ஊதிவிடுகிறது.

அப்போது ஒருவர் வேகவேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலைசுற்றலும், விரல்களிலும் உதட்டைச் சுற்றிலும் வரும் மதமதப்பும் அதன் விளைவே. காற்று போதவில்லை என்று தோன்றினாலும், உண்மையில் அவர் தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். இந்த அறிகுறிகளைக் கண்டு 'இது மாரடைப்பு' என்று மனம் முடிவு செய்கிறது. அந்த முடிவே புதிய அபாயச் செய்தியாகி, சங்கை இன்னும் உரக்க ஊதவைக்கிறது. பயம் உடலைக் கலக்குகிறது. கலங்கிய உடல் பயத்தைக் கூட்டுகிறது. இந்தச் சுழல் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டித் தானாகவே இறங்கத் தொடங்கும்.

ஒரே ஒரு முறை இப்படி வந்தவரெல்லாம் நோயாளி அல்ல. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, 'மறுபடியும் வந்துவிடுமோ' என்ற கவலை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தாலோ, அதற்குப் பயந்து ஒருவர் தன் நடமாட்டத்தைச் சுருக்கிக்கொண்டாலோ, அதை மருத்துவம் பீதி நோய் என்கிறது. தேர்வுக்கு முந்தின இரவில் வரும் கலக்கமும், வேலை போகுமோ என்ற கவலையும் எல்லா மனிதருக்கும் உரியவை. அவை வந்து போகும். வாழ்க்கையின் எல்லைகளை நாளுக்கு நாள் குறுக்கிக்கொண்டே வருகிற பயத்திற்குத்தான் சிகிச்சை வேண்டும்.

நம் பகுதி மக்களுக்கு இதை விளக்க இன்னொரு காரியமும் உண்டு. 2015 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் பல பகுதிகளும் நீரில் மூழ்கினதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டின் மேல்தளத்தில் நின்று படகுக்காகக் காத்திருந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த நினைவுகளெல்லாம் திரும்ப எழுந்தன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது சான்றிதழ்களை எடுத்து உயரத்தில் வைப்பது ஞானம். ஆனால் சாதாரண மழைச் சத்தத்திற்கே ஒருவருக்கு நெஞ்சு படபடத்து, வெள்ளம் கண்முன் வந்து, இரவெல்லாம் தூக்கம் போகிறதென்றால், அது அந்நாளின் காயம் இன்னும் ஆறவில்லை என்பதன் அடையாளம். அதற்கும் சிகிச்சை உண்டு. 'எத்தனை வருஷமாயிற்று, இன்னுமா?' என்று கேட்காதிருங்கள்.

எலியாவுக்குக் கிடைத்த முதல் உதவி

"வேதம் பயப்படாதே என்று சொல்லுகிறதே, போதகரே" என்று நீங்கள் கேட்கலாம். சொல்லுகிறது. ஆனால் யாரிடம், எப்படிச் சொல்லுகிறது என்று பாருங்கள். பயந்தவனை நிற்கவைத்துக் குற்றஞ்சாட்டும் குரலில் அல்ல. பயந்தவன் அருகில் வந்து, நான் உன்னோடு இருக்கிறேன் என்று தாங்கும் குரலில்தான் தேவன் அதைச் சொல்லுகிறார்.

எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினியை வருவித்தவன், யேசபேலின் ஒரே ஒரு செய்தியைக் கேட்டதும் பிராணனைக் காப்பாற்றிக்கொள்ள ஓடினான். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக விரும்பி வேண்டிக்கொண்டான். சில நாட்களுக்கு முன்பாக எண்ணூற்றைம்பது கள்ளத்தீர்க்கதரிசிகளுக்கு எதிராக ஒருவனாக நின்றவனிடம் விசுவாசம் இல்லை என்று யாரால் சொல்லக்கூடும்? கர்த்தர் அவனைக் கண்டிக்கவில்லை. அவனை உறங்கவிட்டார். தூதன் வந்து தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். இரண்டாம் முறையும் அப்படியே செய்தான். பயணம் அவனுக்கு மிகுதியானது என்பதைத் தேவன் அறிந்திருந்தார். ஓரேபில் அவனிடம் கேள்வி கேட்டதெல்லாம் அதன் பின்பு. கடைசியில் எலிசாவைத் துணையாகவும் கொடுத்தார். உறக்கம், உணவு, தண்ணீர், பயணத்துக்குப் பெலன், பேசுவதற்கு இடம், கூட ஒரு மனிதன் என்பதே தேவன் நடத்தின வரிசை. நாமோ பெரும்பாலும் கேள்வியிலிருந்து தொடங்கிவிடுகிறோம்.

கெத்செமனேயையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய ஆண்டவரே அங்கே மரண வேதனைக்கு ஒப்பான துக்கத்தைச் சீஷரிடம் மறைக்காமல் சொன்னார். அவருடைய வேர்வை இரத்தத் துளிகளைப்போல் விழுந்ததை எழுதிவைத்த லூக்கா ஒரு வைத்தியன். ஆண்டவர் அந்த இரவில் சீஷரைத் தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் அதையும் செய்யாமல் தூங்கிப்போனார்கள். கலங்குகிற ஒருவரின் பக்கத்தில் விழித்திருப்பது எவ்வளவு அரிய ஊழியம் என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

கவலைப்படாதிருக்கும்படி பிலிப்பியருக்குப் பவுல் எழுதினதை நாம் அடிக்கடி எடுத்துக் காட்டுகிறோம். அதே நிருபத்தில், அதற்கு முன்பாகவே, மரணத்திற்குச் சமீபமாய் வியாதிப்பட்ட எப்பாப்பிரோதீத்துவைக் குறித்துத் தனக்கிருந்த துக்கத்தையும் பவுல் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது, மக்கெதோனியாவில் தனக்கு உள்ளத்தில் பயங்கள் இருந்ததையும் ஒப்புக்கொள்ளுகிறார். அவருடைய ஆலோசனை துன்பப்படுகிறவருக்குத் திறந்த கதவு. அதை எடுத்து அவர் தலையில் அடிக்கும் கோலாக மாற்றுவது நம் பிழை. அப்படியே, பயத்தின் ஆவியைக் குறித்துத் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டது ஊழியத்தில் தயங்கின ஒரு வாலிபனைத் தைரியப்படுத்துவதற்காக. அந்த ஒரு வசனத்தைக்கொண்டு, நெஞ்சு படபடக்கிறவரைப் பிசாசு பிடித்தவர் என்று தீர்ப்பது வேதத்துக்கும் நியாயமல்ல, அவருக்கும் நியாயமல்ல. அதே தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குப் பவுல் மருந்தாகச் சொன்னதையும் நாம் படித்திருக்கிறோம் அல்லவா?

தாம்பரம் கற்றுக்கொண்ட பாடம்

நோயை அவமானமாக்குவது என்ன செய்யும் என்பதைத் தாம்பரத்தைவிட நன்றாக அறிந்த ஊர்கள் குறைவு. நாம் தினமும் கடந்துபோகும் சானடோரியம் நிலையத்தின் பெயர் எப்படி வந்தது? 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுவே. அந்நாட்களில் காசம் என்ற சொல்லை வீட்டில் உரக்கச் சொல்லமாட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாமல் மறைப்பார்கள். பின்பு மருந்துகள் வந்தன. நோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்தால் குணமாக்கலாம் என்பதை 1950-களின் பிற்பகுதியில் சென்னையில் நடந்த ஆய்வுதான் உலகத்துக்குக் காட்டியது. இன்று காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற விசுவாசியை யாரும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதில்லை.

பிறகு எச்.ஐ.வி. வந்தது. இந்தியாவில் அத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில்தான். மற்ற இடங்களில் கதவடைக்கப்பட்ட எத்தனையோ பேரை 1990-களிலிருந்து தாம்பரம் சானடோரியம் சேர்த்துக்கொண்டது. அக்காலத்தில் அந்த நோயாளிகளைப் பாவிகள் என்று தீர்த்த பிரசங்கங்களும் உண்டு. ஆனால் அவர்களை உயிரோடு காத்தது அந்தத் தீர்ப்பு அல்ல. மருந்தும், தொட்டுக் கவனித்த கைகளும்தான்.

காசநோயிலும் எச்.ஐ.வி.யிலும் நடந்ததே இப்போது மனநோயிலும் நடக்கிறது. முதலில் மறைத்தோம், பிறகு குற்றஞ்சாட்டினோம், கடைசியில் சிகிச்சை வந்தபின் வெட்கப்பட்டோம். பீதி நோய்க்குச் சிகிச்சை எப்போதோ வந்துவிட்டது. இனியும் நாம் முதல் படியிலேயே நிற்கலாமா?

மருந்தும் சிகிச்சையும்

முதலில் ஓர் எச்சரிக்கை. நெஞ்சுவலி முதல் முறையாக வரும்போது அது பீதிதான் என்று நீங்களாக முடிவு செய்யாதிருங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள், புகைப்பிடிப்பவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள். வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், நடக்கும்போது கூடினாலும், அடங்காமல் நீடித்தாலும் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். தைராய்டு மிகுதி, இரத்தசோகை, சர்க்கரை தாழ்தல், இருதயத் துடிப்பின் கோளாறு, ஆஸ்துமா ஆகியவையும் இதே போன்ற படபடப்பைத் தரும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சில மருந்துகளும், அளவுக்கு மிஞ்சின காபியும், குடியைத் திடீரென்று நிறுத்துவதும் அப்படியே. ஆகையால் ஒருமுறை முழுப் பரிசோதனை அவசியம்.

பரிசோதனையில் வேறு நோய் இல்லை என்று தெரிந்தபின், 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குத் திரும்பாமல், மனநல மருத்துவரிடம் போங்கள். சிகிச்சை இரண்டு வழிகளில் நடக்கிறது. தேவைக்கேற்ப ஒன்றையோ இரண்டையுமோ மருத்துவர் தெரிந்துகொள்வார்.

ஒன்று, எண்ணத்தையும் பழக்கத்தையும் சீர்படுத்தும் பேச்சுச் சிகிச்சை. சி.பி.டி. என்று அதைச் சுருக்கமாகச் சொல்லுவார்கள். படபடப்பு மரணத்தின் அறிகுறி அல்ல என்பதை வாயால் சொல்லிக் கொடுப்பதோடு அது நிற்பதில்லை, அனுபவத்தால் உணரவைக்கிறது. படியேறி இருதயத் துடிப்பை வேண்டுமென்றே கூட்டிப் பார்க்கச் சொல்லுவார்கள். துடிப்பு கூடியும் ஆபத்து வரவில்லை என்பதை உடல் கற்றுக்கொள்ளும். ரயிலுக்குப் பயப்படுகிறவர் முதல் வாரம் நடைமேடையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். அடுத்து தாம்பரத்திலிருந்து சானடோரியம் வரை ஒரே ஒரு நிலையம், பிறகு குரோம்பேட்டை, பிறகு பல்லாவரம். பயம் எழும்போது இறங்கி ஓடாமல், அது உச்சிக்குப் போய் இறங்கும்வரை அங்கேயே இருக்கப் பழகுவார். ஓடித் தப்புகிற ஒவ்வொரு முறையும் பயம் பலப்படுகிறது. நின்று பார்க்கிற ஒவ்வொரு முறையும் அது பலவீனப்படுகிறது.

மற்றொன்று, மருந்து. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளை மருத்துவர்கள் பெரும்பாலும் கொடுப்பார்கள். இவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தொடக்க நாட்களில் படபடப்பு சற்றுக் கூடினதுபோலும் தோன்றலாம். அதைக் கண்டு பயந்து பலர் முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை அடிமைப்படுத்தும் மருந்துகள் அல்ல. ஆனால் குணமாகிவிட்டது என்று திடீரென்று நிறுத்தக்கூடாது. பல மாதங்கள் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லுகிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். அல்பிரசோலம் போன்ற வேறு சில மாத்திரைகள் உடனே அமைதி தரும். அதனாலேயே அவற்றுக்கு அடிமையாகும் அபாயமும் உண்டு. தெரிந்த மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கம் வேண்டாம். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த மாத்திரையும் வேண்டாம்.

உறக்கத்தையும் கவனியுங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் இரவுப் பணி செய்துவிட்டு, பகலில் நான்கு மணி நேரம் தூங்கி, காபியால் உடலை ஓட்டுகிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுகிறேன். எலியாவுக்குத் தேவன் கொடுத்த முதல் மருந்து உறக்கமே.

எங்கே போவது? செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் அரசு மனநலக் காப்பகத்தின் தொடக்கம் 1794-ஆம் ஆண்டு. அங்கே புறநோயாளிகளையும் பார்க்கிறார்கள். அங்கே போகிறவரெல்லாம் உள்ளே வைக்கப்படுவார் என்பது வீண் பயம். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம், நோயாளியோடு அவர் குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கெடுக்கச் செய்வதைப் பல்லாண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள், 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கப்பட்ட அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். சாகவேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை எழுந்திருந்தாலும் அன்றைக்கே அழையுங்கள். 1986-இலிருந்து சென்னையில் இதற்காகவே உழைத்துவரும் சிநேகா அமைப்பும் உங்களுக்குச் செவிகொடுக்கும். மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தரவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லுகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

பக்கத்தில் இருப்பவர் செய்யவேண்டியது

ஆராதனை வேளையிலோ வீட்டிலோ ஒருவருக்குப் பீதித் தாக்குதல் வந்தால், அவரைச் சுற்றிக் கூட்டம் கூடாதிருங்கள். பத்துப் பேர் சேர்ந்து தலையில் கைவைத்து உரத்த சத்தமாய் ஜெபித்தால், மூச்சு முட்டுகிறவருக்கு இன்னும் மூச்சு முட்டும். ஒருவர் மட்டும் அருகில் உட்காருங்கள். தாழ்ந்த குரலில், மெதுவாகப் பேசுங்கள். "இது பயங்கரமாகத்தான் இருக்கும், ஆனால் கடந்துபோகும். நான் போகமாட்டேன், உங்களோடு இருக்கிறேன்" என்பது போதும்.

மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்லி வற்புறுத்தாதிருங்கள். மூக்கின் வழியாக நான்கு எண்ணும்வரை மெல்ல இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடும்படி, நீங்களும் கூடவே செய்துகாட்டுங்கள். காகிதப் பையில் மூச்சு விடச் சொல்லும் பழைய முறை வேண்டாம். அவருக்கு இருப்பது ஆஸ்துமாவோ இருதய நோயோ என்றால் அது ஆபத்தாக முடியும். பாதங்கள் தரையில் படுவதையும், கண்ணுக்குத் தெரிகிற பொருள்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் ஒரு சிறிய ஜெபம் செய்யுங்கள். ஒரே வரியானாலும் கர்த்தர் கேட்கிறார். எல்லாம் அடங்கினபின் அறிவுரை கூறாதிருங்கள். தண்ணீர் கொடுங்கள். மருத்துவரிடம் துணைக்கு வருவதாகச் சொல்லுங்கள், சொன்னபடி போங்கள்.

சபையாருக்கும் உடன் ஊழியருக்கும் நான்கு வேண்டுகோள்கள். வாசலருகே கடைசி வரிசையில் சில இருக்கைகளை விட்டுவையுங்கள். ஆராதனையின் நடுவே ஒருவர் எழுந்துபோய்த் திரும்பி வந்தால் தலையைத் திருப்பிப் பார்க்காதிருங்கள். அறிவிப்புப் பலகையில் 14416 என்ற எண்ணை எழுதிவையுங்கள். மாத்திரையை எறிந்துவிட்டு விசுவாசத்தை அறிக்கை செய்யும்படி யாரிடமும், எந்தக் கூட்டத்திலும், ஒருபோதும் சொல்லாதிருங்கள். சர்க்கரை நோயாளியின் இன்சுலினை நிறுத்தச் சொல்ல நமக்குத் துணிவு வராது. இதற்கும் வரவேண்டாம்.

அப்படியானால் ஜெபத்திற்கு இடமில்லையா என்று கேட்பீர்கள். நிச்சயமாக உண்டு. எசேக்கியா ஜெபித்தான், கர்த்தர் அவன் கண்ணீரைக் கண்டார், ஏசாயாவோ அவன் பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னான். ஜெபமும் மருந்தும் அந்த அரண்மனையில் சண்டையிட்டுக்கொள்ளவில்லை. நல்ல சமாரியனும் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, சத்திரத்துக்குக் கொண்டுபோய், தன் கையிலிருந்து பணமும் கொடுத்தான். குற்றுயிராய்க் கிடந்தவனிடம் அவன் விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்கவில்லை.

இதை வாசிக்கிறவர்களில், தன்னைக் குறித்தே எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணுகிற ஒருவர் இருக்கலாம். அன்பானவரே, நீங்கள் பலவீனமான விசுவாசி அல்ல. பெரிய பயத்தைச் சுமந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல், இத்தனை நாள் ரயிலேறியும் சமைத்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியும் வந்திருக்கிறீர்கள். இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: நீங்கள் நம்புகிற ஒருவரிடம் இதைச் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மற்றவர்கள், அவர் உங்களிடம் சொல்லும்போது, ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லாதிருங்கள்.

ஜெபிப்போம்: இரக்கமுள்ள பிதாவே, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்திருந்தவனுக்கு அப்பமும் தண்ணீரும் அனுப்பினவரே, எங்கள் நடுவில் பயத்தோடு போராடுகிற ஒவ்வொருவரையும் நினைத்தருளும். நல்ல மருத்துவரையும் நிலையான துணையையும் அவர்களுக்குக் கட்டளையிடும். அவர்கள் அருகில் விழித்திருக்க எங்களுக்குப் பொறுமையைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.